பாட்டை நாமே பாடுவோம்

சென்ற வருடம் கொழும்பில் நடந்த ஒரு மேடைப் போட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். பன்னிரண்டு மாணவியர் வரிசையாக நின்று ஒரு கதைப்பாடலை நடித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல உடை, நல்ல ஒத்திகை. பாட்டு மட்டும் பென் டிரைவில் இருந்து வந்துகொண்டிருந்தது. பாதியில் அது நின்றுவிட்டது. பிள்ளைகள் இன்னும் இரண்டு வரிக்கு வாயை அசைத்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அப்படியே நின்றார்கள். மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பன்னிரண்டு பேருக்கும் அந்தப் பாட்டு மனப்பாடம் என்பது நிச்சயம். ஆனால் அதைத் தங்கள் குரலில் பாடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. யாரும் அவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவுமில்லை.

இது அந்தப் பாடசாலையின் குறை மட்டுமல்ல. எமது கலை விழாக்களிலும் இதுதான் நடக்கிறது. யாரோ எழுதிய பாட்டு, யாரோ பாடிய குரல், நடுவில் நாம் வாயசைக்கிறோம். இந்தப் பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது. கதையைப் பாட்டாலேயே நடத்திச் செல்லும் இசை நாடகத்தை நாமே எழுதி, நாமே பாடி, நாமே நடிக்க வேண்டும். அதற்கான உரிமையும் மரபும் எமக்கு உண்டு என்பதைக் காட்ட, கொஞ்சம் வரலாறு பேச வேண்டியிருக்கிறது.

உயர்தரத்துக்கு 'நாடகமும் அரங்கியலும்' பாடத்தை நான் தெரிவு செய்தபோது வாப்பா கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது. "மகள், மேடையில ஆடிப் பாடுறதுக்கும் நமக்கும் என்ன தொடர்பு? அதெல்லாம் வெள்ளைக்காரன்ட வேலை, இல்லாட்டி சினிமாக்காரன்ட வேலை." அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு வருடம் படித்த பிறகு ஓரளவு தெரிகிறது.

முதலில் வாப்பா சொன்ன வெள்ளைக்காரரின் மேடையையே எடுத்துக்கொள்வோம். உலகத்தில் இசை நாடகம் என்றதும் பலரும் சொல்வது அமெரிக்காவின் பெயரை. நியூயோர்க் நகரின் பிரோட்வே தெருவை அண்டிய அரங்குகள் அதற்குப் பேர்போனவை. ஆனால் அது அங்கே திட்டமிட்டுப் பிறந்ததல்ல. 1866இல் நியூயோர்க்கில் ஒரு சாதாரணக் கதை நாடகம் மேடையேற இருந்தது. அதே வேளையில் ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு நடனக் குழு, தாம் ஆட இருந்த அரங்கம் தீப்பிடித்து எரிந்ததால் இடமின்றி நின்றது. இரண்டையும் ஒன்றாக்கினார்கள். 'பிளாக் குரூக்' என்ற அந்த நாடகம் முதல் இரவில் ஐந்து மணித்தியாலத்துக்கும் மேல் ஓடியது. ஆனாலும் சனம் திரும்பத் திரும்ப வந்தது. அமெரிக்க இசை நாடகத்தின் வரலாற்றை எழுதுவோர் பலர் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அந்த வரலாற்றில் வெட்கப்பட வேண்டிய பக்கமும் உண்டு. அதற்கு முன்பிருந்தே வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்து ஆடிய ஆட்டம் அந்நாட்டின் மிகப் பெரிய பொழுதுபோக்காக இருந்தது. கறுப்பினத்தவரின் தாளமும் பாட்டும் தேவைப்பட்டன, அவர்கள் தேவைப்படவில்லை. 1921இல் 'ஷஃபிள் அலோங்' என்ற நாடகத்தைக் கறுப்பினக் கலைஞர்களே எழுதி, இசையமைத்து, நடித்து வெற்றி கண்டது பெரிய மாற்றம். 1927இல் வந்த 'ஷோ போட்' இன்னொரு மாற்றம். மிசிசிப்பி ஆற்றில் ஓடும் ஒரு நாடகக் கப்பலின் கதை அது. நிற வேற்றுமையும் முறிந்துபோன திருமணமும் அதில் பேசப்பட்டன. இசை நாடகம் என்றால் சிரிக்க மட்டுமே என்ற எண்ணம் அதனால் மாறத் தொடங்கியது.

1943இல் ரிச்சர்ட் ரொட்ஜர்ஸ், ஒஸ்கார் ஹமர்ஸ்டைன் இருவரும் சேர்ந்து 'ஒக்லஹோமா'வை மேடையேற்றினார்கள். அது தொடர்ந்து 2,212 தடவை நடந்தது. அதில் ஒவ்வொரு பாட்டும் கதையை ஓர் அடி முன்னே தள்ளியது. பாட்டு தொடங்கும்போது இருந்த மனநிலையில் பாத்திரம் பாட்டு முடியும்போது இருக்காது. பாட்டை எடுத்துவிட்டால் கதை விளங்காது. இன்றுவரை நல்ல இசை நாடகத்துக்கு இதுவே அளவுகோல். எமது கலை விழாப் பாட்டுக்களை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தாலும் எதுவும் மாறாது.

அந்த இருவரும் 1949இல் எழுதிய 'சவுத் பசிபிக்' நாடகத்தில், பிற இனத்தாரை வெறுப்பது பிறவிக் குணமல்ல, சிறுவயதில் கற்றுக்கொடுக்கப்படுவது என்று சொல்லும் ஒரு பாட்டு இருக்கிறது. அதை நீக்கச் சொல்லி எதிர்ப்பு வந்தபோதும் அவர்கள் நீக்கவில்லை. எமது பெற்றோரில் பலர் பார்த்திருக்கக்கூடிய 'சவுண்ட் ஒஃப் மியூசிக்' படமும் முதலில் 1959இல் இவர்களே எழுதிய மேடை நாடகம்தான். படம் வந்தது 1965இல். 2015இல் வந்த 'ஹமில்டன்' அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களின் கதையைக் கறுப்பின, லத்தீன் இளைஞர்களின் குரலில் சொன்னது.

இந்தக் கலையை வளர்த்தவர்கள் யார் என்று பார்த்தால், ரஷ்யாவிலிருந்து ஐந்து வயதில் வந்த இர்விங் பேர்லின் போன்ற யூதக் குடியேறிகளும், அடிமைகளின் வழிவந்த கறுப்பினத்தவரும், புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் முன்னிலையில் நிற்கிறார்கள். துறைமுக நகரம் ஒன்றில் பல சனம் வந்து சேர்ந்து, ஒருவர் பாட்டை மற்றவர் கேட்டு உண்டாக்கிய கலை அது.

கொழும்பும் ஒரு துறைமுக நகரம்தான்.

இங்கே நடந்ததையும் கேளுங்கள். தமிழ்க் கரையோரங்களில் ஆடப்பட்ட நாட்டுக்கூத்து கத்தோலிக்க மக்களின் வழியாகச் சிங்கள மக்களிடம் போய் 'நாடகம்' என்ற பெயரிலேயே ஒரு கலையானது. அதன் முன்னோடியாகச் சொல்லப்படும் பிலிப்பு சிஞ்ஞோ கொழும்பைச் சேர்ந்த ஒரு கொல்லர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் கம்பனிகள் கப்பலேறி வந்தன. திரைச்சீலை, ஆர்மோனியம், வடநாட்டு மெட்டு எல்லாம் அவர்களோடு வந்தன. அதைப் பார்த்துச் சிங்களத்தில் 'நூர்த்தி' பிறந்தது. ஜோன் த சில்வா தன் நாடகங்களுக்கு இசையமைக்க விஸ்வநாத் லௌஜி என்ற இந்திய இசைக்கலைஞரை வரவழைத்தார். 1911 டிசம்பரில் மருதானையில் டவர் மண்டபம் திறக்கப்பட்டது. நாம் இன்று பஸ்ஸில் கடந்து போகும் அதே மண்டபம்தான். 'ஷோ போட்' நியூயோர்க்கில் மேடையேறுவதற்குப் பதினாறு வருடம் முன்பே கொழும்பில் இசை நாடகத்துக்கென்று ஒரு மண்டபம் இருந்தது.

தமிழிலும் அப்படியே. தமிழ்நாட்டில் சங்கரதாஸ் சுவாமிகள் (1867 - 1922) எழுதிய இசை நாடகங்கள் கடல் கடந்து இங்கே வந்தன. கே.பி. சுந்தராம்பாள் சிறுவயதிலேயே நாடகக் கம்பனியோடு இலங்கைக்கு வந்து பாடியவர். அவரும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் 1920களில் இங்கே சேர்ந்து நடித்தார்கள். ஒலிவாங்கி இல்லாத காலம். கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாடினால்தான் நடிகர். வடக்கிலே காங்கேசன்துறை வி.வி. வைரமுத்து, அரிச்சந்திர மயான காண்டத்தை ஆயிரம் தடவைக்கு மேல் ஆடிப் பாடினார்.

பிறகு பேசும் படம் வந்தது. மேடையில் பாடியவர்கள் திரைக்குப் போனார்கள், பார்த்தவர்களும் பின்னால் போனார்கள். ஆனாலும் இந்தக் கலை முற்றாகச் சாகவில்லை. 1956 நவம்பரில் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 'மனமே'யை லயனல் வென்ட் அரங்கில் மேடையேற்றினார். பழைய நாடக முறையைப் படித்த மனிதரின் கண்ணோடு பார்த்து, அதைப் புதிதாக்கினார். அதே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை எடுத்துச் சுருக்கி, பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' என்று மேடையேற்றினார். இரவு முழுவதும் ஆடிய கூத்து ஒன்றரை மணித்தியாலத்துக்குள் வந்தது. கிராமத்தில் மட்டும் மதிக்கப்பட்டது நகரத்திலும் மதிக்கப்பட்டது. இவை இரண்டுமே ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து செய்த வேலை என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய பணமோ கம்பனியோ அதற்குப் பின்னால் இருக்கவில்லை.

"சரி, இதில் முஸ்லிம்கள் எங்கே?" என்று வாப்பா கேட்டார். நியாயமான கேள்வி.

பார்சி நாடகத்துக்கு வழிகாட்டியாக அமைந்த 'இந்தர் சபா' என்ற உருது இசை நாடகத்தை 1853 அளவில் லக்னோவில் எழுதியவர் ஆகா ஹசன் அமானத் என்ற முஸ்லிம் கவிஞர். அந்தக் கதை 1932இல் படமாக வந்தபோது அதில் ஏறத்தாழ எழுபது பாட்டுக்கள் இருந்தன. பார்சிக் கம்பனிகளுக்கு எழுதிய ஆகா ஹஷ்ர் காஷ்மீரியும் முஸ்லிமே. தமிழில் அலிபாதுஷா நாடகம், அப்பாசு நாடகம், லால்கௌஹர் நாடகம், தையார் சுல்தான் நாடகம் என்று பாட்டும் வசனமுமாக முஸ்லிம் கதைகள் எழுதப்பட்டிருக்கின்றன. எமது தமிழ்ப் பாடநூலில் சீறாப்புராணத்தைப் படிக்கிறோம். இந்த நாடகங்களின் பெயரையாவது எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

இலங்கையில் முகைதீன் பேக் இருந்தார். சேலத்தில் பிறந்து கொழும்புக்கு வந்த முஸ்லிம். 1947இல் வந்த 'அசோகமாலா' முதல் எத்தனையோ சிங்களப் படங்களில் பாடினார். வெசாக் காலத்தில் இன்றும் கேட்கும் சிங்களப் பக்திப் பாட்டுக்களில் அவருடைய குரல் இருக்கிறது. எமது காலத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இருக்கிறார். அவர் இசையமைத்த 'பொம்பே ட்ரீம்ஸ்' 2002இல் லண்டனிலும் 2004இல் பிரோட்வேயிலும் மேடையேறியது. வாப்பா சொன்ன வெள்ளைக்காரரின் மேடைக்குத் தமிழ்நாட்டு முஸ்லிம் ஒருவரின் மெட்டு ஏற்கெனவே போய்விட்டது.

பெரிய பெயர்களை விடுவோம். நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். நோன்பு காலத்தில் சஹர் பாவா றபானைத் தட்டிப் பாடிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக வந்து எழுப்பியதை உம்மம்மா கதை கதையாகச் சொல்வார். அதே தெருவில் தபசு காலத்தில் கத்தோலிக்க அயலவர்கள் பாஸ்கு நாடகத்துக்கு ஒத்திகை பார்ப்பார்களாம். கிழக்கு மாகாணத்தில் எமது பெண்கள் வயலிலும் வீட்டிலும் 'கவி' கட்டிப் பாடினார்கள். ஒருத்தி பாட, மற்றவள் பதில் கவி சொல்வாள். ஆண்கள் களிகம்பு அடித்து ஆடினார்கள். 1572இலேயே 'ஆயிரம் மசலா' தமிழில் வந்துவிட்டது. மசலா என்றால் கேள்வியும் பதிலுமாகச் செல்லும் இலக்கியம். அதன் பொருள் மார்க்கத்துக்குரியது, மேடைக்குரியதல்ல. ஆனால் இருவர் பேச்சிலேயே ஒரு நூலை நடத்திச் செல்லும் திறமை எமது புலவர்களிடம் இருந்தது என்பதற்கு அது சாட்சி. றபானும் கவியும் பதில் கவியும் எம்மிடம் இருக்கையில், இசை நாடகம் எமக்கு அந்நியம் என்று எப்படிச் சொல்வது?

பெற்றோரின் தயக்கம் வரலாற்றுத் தயக்கம் மட்டுமல்ல என்பது எனக்குத் தெரியும். பெண் பிள்ளைகள் மேடையேறுவது, இசைக்கருவிகள், யார் பார்க்கிறார்கள், கைத்தொலைபேசியில் எடுத்த வீடியோ எங்கே போகிறது என்ற கவலைகள் உண்மையானவை. அவற்றைப் பழைமைவாதம் என்று ஒதுக்குவது பிழை. ஆனால் அவற்றுக்கு விடை உண்டு. பெண்கள் மட்டும் பார்க்கும் நிகழ்ச்சியாக வைக்கலாம். தாய்மார் பேரன்புள்ள பார்வையாளர்கள். தொலைபேசிகளை வாசலில் வாங்கி வைக்கலாம். இசைக்கருவிகளில் கருத்து வேறுபாடு இருக்குமானால் குரலும் கைத்தட்டும் றபானும் போதும். மார்க்க விடயத்தில் ஐயம் வந்தால் எமது இஸ்லாம் பாட ஆசிரியையிடம் ஒத்திகைக்கு முன்பே பிரதியைக் கொடுத்துக் கேட்கலாம். நபிமார்களையோ ஸஹாபாக்களையோ நடிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. தயக்கம் இருக்கிறது என்பதற்காக வாயசைப்புக்குப் போவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. வாயசைப்பிலும் நாம் மேடையில்தான் நிற்கிறோம். சினிமாப் பாட்டுத்தான் ஒலிக்கிறது. அதன் சொற்களைப் பல வேளை வீட்டில் வாப்பாவின் முன்னால் சொல்லவும் மாட்டோம். நாமே எழுதினால் ஒவ்வொரு சொல்லுக்கும் நாமே பொறுப்பு. எது பாதுகாப்பானது என்று பெற்றோரே சொல்லட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்காலத்தில் தமிழ்நாட்டில் பாலர் நாடக சபைகள் இருந்தன. சிறுவர்களே எல்லா வேடத்தையும் போட்டார்கள். பெண் வேடமும் அவர்களே. அதில் தேர்ந்த கலைஞர்கள் உருவானார்கள், உண்மைதான். ஆனால் அந்தச் சிறுவர்கள் பெற்றோரைப் பிரிந்து, பள்ளிக்கூடத்தை விட்டு, ஊர் ஊராக அலைந்தார்கள். பெண் பிள்ளைகளுக்கான கல்லூரியில் எல்லா வேடத்தையும் நாமே போடலாம். அரசனும் நாமே, கப்பல் மாலுமியும் நாமே. படிப்பை இழக்கத் தேவையில்லை. வீட்டைப் பிரியத் தேவையில்லை. அந்தச் சிறுவர்களுக்குக் கிடைக்காத இரண்டும் எமக்குக் கிடைத்திருக்கின்றன.

எந்தக் கதையை எடுப்பது? என் யோசனை ஒன்று உண்டு. சித்திலெப்பை எழுதி 1885இல் வெளிவந்த 'அசன்பேயுடைய கதை' இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று படித்திருக்கிறோம். பரீட்சைக்கு வருடத்தை மனப்பாடம் செய்கிறோம். கதை என்ன என்று கேட்டால் விழிக்கிறோம். கெய்ரோவில் பிறந்த குழந்தை ஒன்று கடத்தப்பட்டுப் பம்பாயில் வளர்கிறது. அவன் தன்னை யாரென்று தேடிப் போகும் கதை அது. கடல், துறைமுகம், பிரிவு, பிள்ளையைத் தேடும் தாய் எல்லாம் அதில் உண்டு. பிள்ளையை இழந்த அன்றிரவு அந்தத் தாய் என்ன பாடுவாள்? அந்தப் பாட்டை நாவலில் யாரும் எழுதவில்லை. தரம் 10இல் படிக்கும் ஒரு தங்கை எழுதலாம். முஸ்லிம் பெண் பிள்ளைகளின் கல்விக்காகப் பாடுபட்ட ஒருவரின் கதையை முஸ்லிம் பெண் பிள்ளைகள் பாடுவதைவிட அவருக்கு என்ன நன்றி செய்ய முடியும்?

அதுவும் வேண்டாமென்றால் காலி வீதியில் எமது கண் முன்னாலேயே கதைகள் நடக்கின்றன. வெள்ளவத்தைச் சந்தையில் யாழ்ப்பாணத் தமிழும், மலையகத் தமிழும், எமது தமிழும், சிங்களமும் ஒரே தராசின் முன்னால் நிற்கின்றன. வீடு விட்டு வந்தவர்கள், வெளிநாடு போகக் காத்திருப்பவர்கள், மத்திய கிழக்கில் இருக்கும் உம்மாவின் அழைப்புக்காகத் தொலைபேசியைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைகள் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். நியூயோர்க்கில் குடியேறிகளின் கதை 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' ஆனது போல, இவையும் பாட்டாகலாம். அதற்கு அமெரிக்க மெட்டு வேண்டாம். உம்மம்மாவின் தாலாட்டு மெட்டு ஒன்று போதும்.

ஆகவே எமது தமிழ் மன்றத்துக்கு மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, அடுத்த கலை விழாவில் ஒரு நிகழ்ச்சியிலாவது பதிவு செய்த பாட்டைப் பயன்படுத்தாதிருப்போம். சுருதி கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை, எமது குரலாக இருக்கட்டும். இரண்டு, அரை மணித்தியால இசை நாடகம் ஒன்றைத் தமிழ், சங்கீதம், இஸ்லாம் ஆசிரியைகளின் துணையோடு மாணவியரே எழுதுவோம். ஐந்து பாட்டு போதும்; ஐந்தும் கதையை நகர்த்த வேண்டும். எடுத்துவிட்டாலும் கதை ஓடுகிறது என்றால் அந்தப் பாட்டை எடுத்துவிடுவோம். மூன்று, வீட்டில் உள்ள மூத்த பெண்களிடம் அவர்களுக்குத் தெரிந்த கவி, தாலாட்டு, பைத் மெட்டுக்களைக் கேட்டு எழுதி வைப்போம். இதைப் பிற்போட முடியாது. சென்ற றபீஉனில் அவ்வல் மாதத்தில் உம்மம்மா காலமானார். அவருக்கு எத்தனை பாட்டுத் தெரியும் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. பாதி நினைவிலுள்ள ஒரு தாலாட்டு மட்டும்தான் இன்று என்னிடம் இருக்கிறது.

இந்தக் கட்டுரையின் கையெழுத்துப் பிரதியை வாப்பாவுக்குக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார். உம்மம்மாவைப் பற்றிய இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தினார். பிறகு, "அந்தத் தாலாட்டில மிச்சம் எனக்குத் தெரியும். எழுதிக்கொள்" என்றார்.

எழுதிக்கொண்டேன். அடுத்த தமிழ் மன்றக் கூட்டத்துக்குக் கொண்டு வருகிறேன். நீங்களும் ஆளுக்கொன்று கொண்டு வாருங்கள், சகோதரிகளே.